அந்த ஒரு இடம்

வத்தலக்குண்டைப் பற்றி எழுதப் புகும் எவரும் நான்கு பெயர்களைச் சொல்லிவிட்டுத்தான் மேலே செல்வது வழக்கம். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய பி.ஆர்.ராஜமய்யர், விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா, 'மணிக்கொடி' பி.எஸ்.ராமையா, இங்கே வளர்ந்து பின்னாளில் 'எழுத்து' இதழை நடத்திய சி.சு.செல்லப்பா. நாமும் அம்மரபை மீறவில்லை. ஆயினும் இக்கட்டுரையில் அவர்களுள் கடைசியாகச் சொன்னவருக்கு மட்டுமே, அதுவும் பின்பகுதியில், ஒரு சிறு வேலை இருக்கிறது. நாம் எழுத எடுத்துக்கொண்டது திரைப்பாடல்களுக்குள் ஒளிந்திருக்கும் சில நொடிகளின் வரலாற்றை.

எங்கள் ஊரில் நல்ல பாட்டு என்று யாரும் அதிகம் சொல்லிக் கேட்டதில்லை. "அந்தப் பாட்டுல அந்த எடம்" என்றுதான் பேச்சு தொடங்கும். பேருந்து நிலையத்தை ஒட்டிய தேநீர்க் கடையில் வெற்றிலைக் கூடையோடு நிற்பவர், கொடைக்கானல் வண்டி கிளம்பும் ஒலியைக் கேட்டும் நகர மாட்டார். "அந்த எடம் வரட்டும், அடுத்த வண்டியில போய்க்கலாம்" என்பார். எந்த இடம் என்று யாரும் கேட்பதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். குரல் சட்டென்று நின்று குழல் மட்டும் போகும் இடமாக இருக்கலாம். பாடகர் ஒரு சொல்லை இழுக்காமல் விட்டுவிடும் இடமாக இருக்கலாம். பாட்டு முழுவதும் அந்த ஒரு கணத்துக்கான காத்திருப்பு என்பதுபோல் ஆகிவிடும்.

1980களின் இறுதியில், நாங்கள் தெருப் பிள்ளைகளாக இருந்தபோது, திருவிழாவுக்கும் சடங்குக்கும் மைக் செட் போட்ட அண்ணன் ஒருவர் இருந்தார். ஊரெல்லாம் ஒலிநாடாவுக்கு மாறிய பின்னும் இசைத்தட்டுகளை விடாதவர். வேப்பமரக் கிளையில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டு, கீழே ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்திருப்பார். யாராவது "அண்ணே, இன்னொரு தடவை" என்றால் தட்டை முதலிலிருந்து வைக்க மாட்டார். முள்ளைத் தூக்கி, கண்ணால் வரிகளை அளந்து, சரியாக அந்த இடத்துக்கு அரை நொடி முன்னால் இறக்குவார். ஒருமுறை, தட்டில் ஏன் அங்கங்கே கரகரப்பு என்று கேட்டோம். "எங்க கொரகொரன்னு கேக்குதோ, அங்கதாம்ப்பா சனங்களுக்குப் பிரியம்" என்றார். முள் மீண்டும் மீண்டும் இறங்கிய இடம் தேய்ந்துபோகிறது. ஓர் ஊர் எதை நேசித்தது என்பதற்கு அந்தத் தேய்மானமே கல்வெட்டு. இசை வரலாறுகள் பல எழுதப்பட்டுள்ளன. கேட்டவர்களின் வரலாறு இப்படித் தேய்ந்த இடங்களில்தான் இருக்கிறது என்பது அன்று எங்களுக்கு உறைக்கவில்லை.

இப்படிக் கேட்பது திரைப்படம் கொண்டுவந்த பழக்கமன்று. நாதசுர ஊர்வலத்தில் முச்சந்தியில் நின்று ஒரு பிடியை மறுபடி வாசிக்கச் சொன்ன கூட்டமும், எஸ்.ஜி.கிட்டப்பா மேடையில் உச்சத்தில் ஒரு தொடரைப் பிடித்தவுடன் 'ஒன்ஸ் மோர்' என்று எழுந்து நின்ற கூட்டமும் இதையேதான் செய்தன. கிட்டப்பா 1933-இல் இருபத்தேழு வயதில் மறைந்தார். அவரைக் கேட்டவர்கள் இறுதிவரை நினைவில் வைத்திருந்தவை முழுப் பாடல்கள் அல்ல, அவற்றில் சில எட்டுக்கட்டை இடங்கள். இலக்கியத்திலும் இதற்கு ஓர் இணை உண்டு. ரசிகமணி டி.கே.சி. கம்பனின் ஒரு பாட்டை எடுத்தால், அதில் ஒரு சொல்லில் வந்து நின்று, அதையே திரும்பத் திரும்பச் சொல்லி, கேட்பவர் முகம் மலரும்வரை விட மாட்டாராம். நெல்லை வட்டத்தொட்டியில் அவர் செய்ததையும் எங்கள் மைக் செட் அண்ணன் வேப்பமரத்தடியில் செய்ததையும் ஒரே வரிசையில் வைப்பது சிலருக்கு உவப்பாக இராது. நமக்கு அதில் தயக்கமில்லை.

தொடக்க காலப் பேசும் படங்களில் ஐம்பதைத் தொடும் பாடல்கள் இருந்தன. தனி ஓர் இடத்தை நினைவில் நிறுத்த அங்கே வாய்ப்புக் குறைவு. அரக்குத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்றரை நிமிடமே கொள்ளும் என்ற கட்டுப்பாடுதான் பாடலைச் சுருக்கி, ஒவ்வொரு நொடிக்கும் விலை வைத்தது. பிறகு, பி.வி.கேஸ்கர் அமைச்சராக இருந்த 1950களில் அகில இந்திய வானொலி திரையிசையை ஒதுக்க, தென்மாவட்டங்கள் இலங்கை வானொலிப் பக்கம் சாய்ந்தன. 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கிய பிறகும் அந்தச் சாய்வு நிமிரவில்லை. வானொலியில் மறுபடி கேட்க முடியாது. அந்த இடம் வரும்போது அங்கே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் போயிற்று. காத்திருப்பைக் கற்றுக்கொடுத்தது அதுதான்.

1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தின் 'சிங்கார வேலனே' பாடலை அந்தக் காத்திருப்பின் முதல் பெரும் பரிசு என்போம். எஸ்.எம்.சுப்பையா நாயுடு ஆபேரியில் அமைத்த அப்பாடலில் எஸ்.ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதசுரமும் சந்திக்கின்றன. சுரங்களைக் குரல் பாட, நாதசுரம் அதை வாங்கித் திருப்பிக் கொடுக்கும் பகுதிதான் 'அந்த இடம்'. வீதியில் முழங்குவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு கருவி, இளம்பெண்ணின் குரலுக்காகத் தன் கனத்தைக் குறைத்துக்கொள்கிறது. குரலோ கருவியாகிவிடத் துணிகிறது. எது எதைப் பின்தொடர்கிறது என்று சில நொடிகள் சொல்ல இயலாது. காருகுறிச்சியார் அடுத்த இரண்டு ஆண்டுகளில், 1964-இல், மறைந்துபோனார். ராஜரத்தினம் பிள்ளையின் மாணவரான அவர் எத்தனையோ கோயில் வீதிகளில் விடிய விடிய வாசித்தவர். ஆயினும் பல இலட்சம் பேருக்கு அவர் இந்தச் சில நிமிடங்களாகவே எஞ்சினார். இதை இழப்பு என்பதா, பேறு என்பதா என்று நம்மால் முடிவுசெய்ய இயலவில்லை.

'திருவிளையாடல்' (1965) படத்தின் 'பாட்டும் நானே' வேறுவகை. கே.வி.மகாதேவன் இசையில் டி.எம்.சௌந்தரராஜன் கௌரிமனோகரியில் பாடிய அப்பாடலில், விறகு விற்பவனாக வந்த இறைவனே பாடகனாகவும் வீணை, குழல், மிருதங்கம் வாசிப்பவனாகவும் கொன்னக்கோல் சொல்பவனாகவும் திரையில் ஐந்து உருவங்களாகத் தோன்றுவது எல்லோரும் அறிந்தது. எங்கள் ஊர்க் கொட்டகையில் மண்ணில் உட்கார்ந்து பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தது அதுவன்று. பாட்டு நிற்க, காற்றும் அலையும் மனிதரும் அப்படியே உறைந்துவிடும் கணம். திரைக்கு முன்னாலிருந்த கூட்டமும் மூச்சு விடாமல் இருந்ததாம். இதை இயக்குநரின் தந்திரம் என்று கடந்துபோகிறவர்கள் பரஞ்சோதி முனிவரின் விறகு விற்ற படலத்தை ஒருமுறை புரட்ட வேண்டும். இறைவன் சாதாரிப் பண்ணைப் பாடியபோது மரங்கள் அசையவில்லை, கடல் ஒலிக்கவில்லை, மலையருவியும் ஆறும் துள்ளவில்லை என்று அங்கே அடுக்கிச் செல்கிறார் அவர். புராணத்தில் பாட்டு ஒலிக்கும்போது உலகம் நிற்கிறது. படத்தில் பாட்டு நிற்கும்போது உலகமும் நிற்கிறது. சிறிய மாற்றம்தான். ஆனால் ஒலியின்மையை ஓர் இசை நிகழ்வாகத் தமிழ்ப் பார்வையாளருக்குக் காட்டிய மாற்றம்.

மெல்லிசை மன்னரின் காலத்தில் இத்தகைய இடங்களை எண்ணத் தொடங்கினால் கட்டுரை முடியாது. 'சிவந்த மண்' (1969) படத்தின் 'பட்டத்து ராணி'யில் சவுக்கு ஒலிக்கும்போதெல்லாம் எல்.ஆர்.ஈஸ்வரியின் குரல் துடித்து மீளும் இடங்களை மட்டும் குறிப்பிடுவோம். படத்தைப் பார்க்காமல் வானொலியில் மட்டும் கேட்டவர்களுக்கும் அந்த அடி வலித்தது. 'அவள் ஒரு தொடர்கதை' (1974) படத்தில் 'கடவுள் அமைத்து வைத்த' பாடலின் நடுவே வரும் பறவை, விலங்கு ஒலிகளையெல்லாம் வாயாலேயே எழுப்பியவர் சதன் என்ற கலைஞர். அந்தப் பாட்டை முணுமுணுப்பவர்களில் பத்துக்கு ஒருவருக்காவது அவர் பெயர் தெரிந்திருக்குமா என்பது ஐயமே. இந்த ஐயம் கட்டுரை நெடுகிலும் நம்மைத் தொடர்ந்து வரும்.

1976-இல் 'அன்னக்கிளி' வந்தது. அதன் இசையமைப்பாளர் எங்களுக்கு மேற்கே, கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்துக்காரர் என்பதில் எங்கள் பக்கத்தாருக்கு ஓர் உரிமைப் பெருமை இன்றும் உண்டு. அவருடைய மூத்த சகோதரர் பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடியவர், 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் பாட்டாலேயே வாக்குச் சேகரித்தவர். சகோதரர்களின் கச்சேரியை அக்காலத்து மதுரை மாவட்டத்தின் ஏதோ ஒரு மேடையில் கேட்டதாகச் சொல்லும் பெரியவர்களை நாம் சந்தித்திருக்கிறோம். 'மச்சானைப் பாத்தீங்களா' பாடலின் தொடக்கத்தில் ஜானகி சொல்லே இல்லாமல் ஒரு தாலாட்டுப்போல் எடுப்பார், தாளம் பிறகுதான் வந்து சேரும். வயல்வெளியில் ஒருத்தி இன்னொருத்தியைக் கூப்பிடும் குரல் அது. பெண்கள் நாற்று நடும்போது கேட்ட ஒன்றை முதன்முதலாகக் குழாய் ஒலிபெருக்கியில் கேட்டவர்கள் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்களாம். அண்ணனிடமிருந்த அந்தத் தட்டில் முதல் வரிகளே தேய்ந்துபோயிருந்ததற்கு இதுதான் காரணம்.

பிறகு ஒலிநாடா. இங்கே கேட்பவர் கைக்கே முள் வந்துவிட்டது. வெற்று நாடாவையும் பாடல் பட்டியலையும் பதிவுக்கடையில் கொடுத்துவிட்டு இரண்டு நாள் கழித்து வாங்குவோம். பட்டியலின் ஓரத்தில் 'முழுசா வேணும், கடைசியில வெட்டக்கூடாது' என்று எழுதிக் கொடுத்த அனுபவம் எங்கள் தலைமுறையில் பலருக்கு இருக்கும். பின்னோக்கிச் சுழற்றிச் சுழற்றி, அந்த இடத்தில் மட்டும் நாடா நைந்து, குரல் தண்ணீருக்குள் பேசுவதுபோல் ஆகும். தட்டில் கரகரப்பு, நாடாவில் நெளிவு.

மேற்கத்திய ராக், பாப் இசை ரசிகர்களிடமும் இந்தப் பித்து உண்டு. ஃபில் காலின்ஸ் 1981-இல் வெளியிட்ட 'இன் த ஏர் டுநைட்' பாடலில் மூன்றரை நிமிடங்களுக்குப் பின் திடீரென்று இடியாக இறங்கும் டிரம் ஒலிக்காகவே அதைக் கேட்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். பீட்டில்ஸ் குழுவின் 'எ டே இன் த லைஃப்' (1967) முடிவில் பல பியானோக்களில் ஒரே சமயத்தில் அடிக்கப்பட்ட ஒரு ஒலி, நாற்பது நொடிகளுக்கு மேல் மெல்ல அடங்கும். அங்கே யார் வாசித்தார், எந்தக் கூடத்தில், எத்தனையாவது முயற்சியில் என்றெல்லாம் புத்தகங்கள் வந்துவிட்டன. நம்மிடமோ 'இளைய நிலா' (பயணங்கள் முடிவதில்லை, 1982) பாடலின் கிதாரைக் கேட்டுக் கிதார் கற்கப் போனவர்கள் ஏராளம். அதை வாசித்தவர் ஆர்.சந்திரசேகர் என்பது நெடுநாள் வாத்தியக்காரர்களின் வட்டத்துக்குள்ளேயே இருந்த செய்தி. அடுத்த ஆண்டே அந்த மெட்டு இந்திக்குப் போய் அங்கும் புகழ்பெற்றது. காட்ரோட்டிலிருந்து டம்டம் பாறை நோக்கி ஏறும் பேருந்தில், கொண்டை ஊசி வளைவில் சரிந்து எழும் உடலோடு அந்தக் கிதாரைக் கேட்டிருக்கிறோம். ஓட்டுநர் அண்ணன் அப்பாடல் முடியும்வரை ஒலிப்பானை அழுத்த மாட்டார் என்று நாங்கள் நம்பினோம். (மலைப்பாதையில் அது அத்தனை நல்ல பழக்கமன்று.)

'கேளடி கண்மணி' (1990) படத்தின் 'மண்ணில் இந்தக் காதலன்றி' வந்தபோது பள்ளி மைதானத்தில் மூச்சு விடாமல் பாடும் பந்தயங்கள் நடந்தன. பாதியில் முகம் சிவந்து இருமியவர்களில் நாங்களும் அடக்கம். அது ஒரே மூச்சில் பதிவானதன்று என்று எஸ்.பி.பாலசுப்ரமணியமே பின்னாளில் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். ஏமாந்தோம் என்று யாரும் வருந்தியதாகத் தெரியவில்லை.

நம் தொழிலுக்கு நெருக்கமான இரண்டு இடங்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

ஒன்று, 'சிந்து பைரவி' (1985) படத்தின் 'பாடறியேன்'. பெரும் பாகவதரின் முன்னால் எழுந்து நிற்கும் ஒருத்தி நாட்டுப்புறப் பாடல் ஒன்றை எடுக்கிறாள். கே.எஸ்.சித்ராவின் குரலில் அது வளர்ந்து வளர்ந்து, கேட்பவர் எதிர்பாராத ஒரு கணத்தில் தியாகராசரின் 'மரி மரி நின்னே' கீர்த்தனையாகிவிடுகிறது. மரபில் காம்போதியில் பாடப்படும் அக்கீர்த்தனையை இளையராஜா சாரமதிக்கு மாற்றியிருந்தார். அந்த மாற்றத்தால்தான் தெருப்பாட்டும் சபைப்பாட்டும் தையல் தெரியாமல் ஒட்டின. 1940களில் தமிழிசை இயக்கம் எழுந்ததிலிருந்து எத்தனை மாநாடுகள், எத்தனை கண்டனங்கள், எத்தனை தலையங்கங்கள். மொழி பெரிதா, இசை பெரிதா என்ற அவ்வழக்கில் இரு தரப்பும் தத்தம் வாதங்களை இன்றும் முடித்துக்கொள்ளவில்லை. அப்பாடலின் அந்த இணைப்பு சில நொடிகளில் நடந்து முடிந்துவிடுகிறது. வழக்கு தீர்ந்துவிட்டதென்று நாம் சொல்ல மாட்டோம். கீர்த்தனையை மெட்டுப் பெயர்த்தது முறையன்று என்று வாதிடும் நண்பர் நமக்கு உண்டு, அவர் வாதத்திலும் பொருள் இருக்கிறது. ஆனால் கீர்த்தனை என்ற ஒன்று தமக்கும் கேட்கக் கிடைக்கும் என்று எங்கள் தெருவில் பலர் அறிந்தது அந்த நொடியில்தான். சித்ராவுக்கு முதல் தேசிய விருது கிடைத்ததும் அப்பாடலுக்கே.

மற்றது, 1991 தீபாவளிக்கு வந்த 'தளபதி'யின் 'ராக்கம்மா கையத் தட்டு'. 2002-இல் பிபிசி உலக சேவை தன் எழுபதாம் ஆண்டையொட்டி நடத்திய வாக்கெடுப்பில் இது நான்காம் இடம் பெற்றது. முதல் மூன்றும் நாட்டுப்பற்றுப் பாடல்கள், நான்காவதாக வந்தது குத்தாட்டம் என்பதில் நமக்கு ஒரு குறும்பான மகிழ்ச்சி. ஆட்டம் உச்சத்துக்குப் போகும்போது தாளம் அறுபட்டு, பெண்குரலில் ஒரு தேவாரம் எழும். தில்லைக் கூத்தனின் வளைந்த புருவத்தில் தொடங்கித் தூக்கிய திருவடிவரை கண்ணால் தடவிச் செல்லும் அப்பரின் விருத்தம், நான்காம் திருமுறையில் உள்ளது. மனிதப் பிறவியும் வேண்டத்தக்கதே என்று அவர் முடிக்கும் இடத்தில் மீண்டும் பறை வெடித்துக் கிளம்பும்.

ஆண்டுதோறும் பக்தி இலக்கியம் நடத்தும்போது இப்பாடலுக்கு வருகிறோம். முதல் சீரைச் சொன்னதும் பின்வரிசையிலிருந்து ஒரு முணுமுணுப்பு எழும். இராகம் திரைப்பாடலினுடையதுதான். ஒரு முறை ஒரு மாணவர், சற்றுக் கூச்சத்தோடு, "ஐயா, இது ராக்கம்மா பாட்டுல வர்ற எடமில்லையா? இத அப்பர் எழுதுனாரா?" என்றார். படம் வந்தபோது பிறந்தேயிராத பிள்ளை. ஏழாம் நூற்றாண்டுப் பாடலொன்று அவர் வீட்டுக்கு எந்த ஓதுவார் வழியாகவும் வரவில்லை, ஒரு திருவிழாக் குழாய் வழியாக வந்திருக்கிறது. அன்று பாடத்திட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஆட்டத்தின் நடுவே அந்த நிறுத்தம் ஏன் அங்கே வருகிறது, ஆடும் இறைவனைப் பற்றிய பாட்டு ஆடும் மனிதர்களின் நடுவே வைக்கப்பட்டதில் பொருள் உண்டா என்று ஒரு மணி நேரம் பேசினோம். துறைக் கூட்டத்தில் மூத்த பேராசிரியர் ஒருவர், "தமிழ் எம்.ஏ. படித்தது இதற்குத்தானா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அது தைத்தது என்பதை மறைப்பதற்கில்லை.

இங்கேதான் சி.சு.செல்லப்பா துணைக்கு வருகிறார். 1959 முதல் 1970 வரை வந்த 'எழுத்து'வில் அவர் வற்புறுத்தியது ஒன்றே: பொத்தாம்பொதுவாகப் புகழாதே, எந்த இடத்தில் எது என்ன செய்கிறது என்று அலசிக் காட்டு. டி.கே.சி. வழியினர் சுவைத்துக்கொண்டே போவதில் அவருக்கு நிறைவில்லை. நம் தேநீர்க் கடைக்காரர்கள் டி.கே.சி. கட்சி என்று இதுவரை நினைத்திருந்தோம். அண்ணன் முள்ளை இறக்கிய துல்லியத்தை எண்ணிப் பார்த்தால் அவர் செல்லப்பா கட்சியாகவும் இருந்திருக்கக்கூடும். பாட்டின் உடலைப் பிரித்து, இதோ இங்கே, என்று விரல் வைத்துக் காட்டியவர் அவர். திரையிசையை இலக்கியத்தோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. கேட்பவரின் கூர்மையை எந்த இடத்தில் சந்தித்தாலும் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்பதே நம் ஆசை.

ஏ.ஆர்.ரகுமான் 'திருடா திருடா'வில் (1993) வாத்தியமே இல்லாமல் குரல்களால் மட்டும் 'ராசாத்தி' பாடலை அமைத்தபோது, பாட்டு முழுவதுமே அந்த இடமாகிவிட்டது. அதற்குப் பின்னும் நல்ல இடங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. மலைமேலிருந்து கொடைக்கானல் பண்பலையில் இறங்கி வந்தவையும் அவற்றில் உண்டு. இப்போது கைபேசித் திரையில் விரலை நகர்த்தினால் எந்த இடத்துக்கும் போகலாம், ஒன்றும் தேய்வதில்லை. எத்தனை பேர் எங்கே நின்றார்கள் என்பதற்கு ஊரில் தடயமும் இருக்காது.

மைக் செட் அண்ணன் சில ஆண்டுகளுக்கு முன் காலமானார். செய்தி தாமதமாகத்தான் வந்தது. அவருடைய தட்டுகளைப் பார்க்க வேண்டும், எந்தத் தட்டில் எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று குறித்துவைக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் பேசிக்கொண்டேயிருந்த நாங்கள் நான்கைந்து பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். பெட்டிகள் மழையில் நனைந்து, தட்டுகள் வளைந்துவிட்டதால், பழைய பொருள் வாங்குபவரிடம் எடைக்குப் போட்டுவிட்டதாக வீட்டில் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு முகமில்லை. இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு இத்தனை ஆண்டுகள் போகாதவர்கள் நாங்கள்தாம். அண்ணி உள்ளே போய் ஒரே ஒரு தட்டை எடுத்து வந்தார். அலமாரிக்குப் பின்னால் விழுந்து தப்பியதாம். 'கொஞ்சும் சலங்கை'.

நண்பர் ஒருவர் வீட்டில் பழுது பார்த்து வைத்திருந்த இயந்திரத்தில் அதைச் சுழலவிட்டோம். ஜானகியின் குரல் கரகரப்போடு எழுந்தது. சுரங்கள் தொடங்கின. நாதசுரம் மறுமொழி சொல்ல வேண்டிய இடத்தில் முள் வழுக்கி, பல வரிகளைத் தாண்டி, பாடலின் இறுதிக்குப் போய்விட்டது. மறுபடி வைத்தோம். மறுபடியும் அதே இடத்தில் வழுக்கியது. மூன்றாம் முறை வைத்தபோது, முள் நழுவியதும், அதுவரை வாசற்படியில் பேசாமல் உட்கார்ந்திருந்த நண்பரின் தந்தை, கண்ணை மூடிக்கொண்டு, நாதசுரத்தின் பகுதியை வாயாலேயே வாசித்துக்கொண்டிருந்தார்.